அப்புறம் டீச்சர்

அந்தத் தொடக்கப்பள்ளியில் "மேலே போவது" என்பதற்கு இரண்டு அர்த்தம் இருந்தது. பிள்ளைகளுக்கு அது, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த தனி அறைக்குப் படிக்கப் போவது. இன்னொரு அர்த்தம் வாட்ச்மேனுடையது. காலையில் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டே, "இந்த வருசம் எத்தனை பேரு மேலே போறீங்க?" என்று கேட்டுவிட்டுத் தானே குலுங்கிச் சிரிப்பார். பிள்ளைகளுக்குப் புரியாது. புரிந்த ஆசிரியர்கள் குடையை மடக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள்.

சிரிக்காத ஒரே ஆள் மேல் அறையின் டீச்சர். அவளுக்குச் சிரிக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. தன் வேலையை வைத்து யாரும் சிரித்தால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது.

ஏனென்றால் அந்த அறை அவள் உண்டாக்கியது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனியாக வகுப்பு நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, ஆசிரியர் அறையில் ஆளாளுக்குக் கையை விரித்தார்கள். "இருக்கிறதுகளைக் கட்டி மேய்க்கவே முடியல, இதுல கெட்டிக்காரங்களுக்குத் தனியாவா?" என்றார் ஒருவர். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. "நான் எடுத்துக்கிறேன்" என்றாள். தலைமையாசிரியர் அவளுக்குக் கொடுத்தது, கால் ஒடிந்த பெஞ்சுகளும் காற்றுப் போன பந்துகளும் கிடந்த ஒரு சாமான் அறை. அவளே துடைப்பம் எடுத்துப் பெருக்கினாள், அவளே சுண்ணாம்பு அடித்தாள். இரண்டாம் வகுப்பு முடிகிற பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, பொறுக்கி எடுத்த சிலரை மட்டும் தினமும் கடைசி இரண்டு பீரியடுக்கு மேலே அழைத்துக்கொண்டாள். பொறுக்கி எடுப்பதால் ஆசிரியர் அறையில் அவளுக்கு "பொறுக்கி டீச்சர்" என்று ஒரு பெயர் உண்டு. அது அவள் காதுக்கும் போயிற்று. போனால் என்ன, வாயைக் கட்டவா முடியும் என்று விட்டுவிட்டாள்.

பிள்ளைகள் வைத்த பெயர் வேறு. அப்புறம் டீச்சர்.

மேல் அறையில் "சரி" என்ற சொல் கிடையாது. "தப்பு" என்பதும் கிடையாது. "சரின்னு சொன்னா கெட்டிக்காரப் பிள்ளை அங்கேயே நின்னுடும், தப்புன்னு சொன்னா பயந்துடும்" என்பது அவள் கட்சி. பிள்ளை என்ன சொன்னாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "அப்புறம்?"

மாடிப்படிகள் நடுவில் மட்டும் ஏன் தேய்ந்திருக்கின்றன என்று ஒருநாள் கேட்டாள்.

"எல்லாரும் நடுவுலதான் நடக்கிறோம் டீச்சர்."

"அப்புறம்?"

"ஓரத்துல போனா சுவத்துல உரசும்."

"அப்புறம்?"

பிள்ளைகள் எழுந்து வெளியே ஓடிப் படியில் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரரின் மகன் ஒருவன் இருந்தான். ஆள் எலும்பும் தோலுமாக, சட்டைக்குள் தொலைந்துபோகிற அளவுக்குச் சின்னவன். சுண்டெலி என்று கூப்பிடுவார்கள். அவன்தான் சொன்னான்.

"டீச்சர், படியோட விளிம்புதான் ரொம்பத் தேஞ்சிருக்கு. ஏறும்போது யாரும் விளிம்புல மிதிக்க மாட்டாங்க. இறங்கும்போதுதான் மிதிப்பாங்க."

"அப்புறம்?"

"அப்போ, வர்றதைவிடப் போறதுக்குத்தான் எல்லாருக்கும் அவசரம்."

அவளுக்குப் புல்லரித்துவிட்டது. அந்த "அப்புறம்?" சொல்லும்போது அவள் குரல் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். கடைசி எழுத்தில் லேசாக மேலே ஏறும். புருவமும் கூடவே ஏறும். உலகத்தில் உன் பேச்சைத் தவிர எனக்கு வேறு வேலையே இல்லை என்று அந்த ஒரு சொல் சொல்லும். பயந்த பிள்ளையும் அதைக் கேட்டால் வாயைத் திறந்துவிடும்.

சுண்டெலி சொன்னதை அன்று மாலை வீட்டில் புருஷனிடம் சொன்னாள். சாப்பிடும்போது மறுபடியும் சொன்னாள். புருஷன் அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவர், கையில் எப்போதும் பசை வாடை அடிக்கும். அதிகம் பேசாத மனிதர். கேட்டுவிட்டு, "நல்ல பையன்தான்" என்றார். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர்களுடைய ஒரே மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். சேட்டைக்காரி என்பதால் வந்த பெயரில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, அடுப்படிக்கும் கூடத்துக்கும் அவள் பின்னாலேயே அலைந்ததால் வந்தது. அம்மாவோ சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மேசை நிறைய அட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மறுநாள் மேல் அறைக்கு வேண்டிய புதிர்களை வெட்டி ஒட்டுவாள். கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருக்கும்.

"அம்மா, இன்னைக்கு ஒண்ணு பார்த்தேன்."

"அப்புறம்."

இந்த "அப்புறம்" வேறு. இதில் குரல் ஏறாது. கத்தரிக்கோலிலிருந்து கண்ணும் ஏறாது. இப்போது முடியாது, பிறகு பார்க்கலாம், போய் விளையாடு என்று மூன்றையும் சேர்த்து ஒரே சொல்லில் முடித்த அப்புறம். வாலுவும் சமர்த்தாகப் போய்விடுவாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து மேசையோரம் மோவாயை வைத்துக்கொண்டு கேட்பாள்.

"அம்மா, இப்ப அப்புறம் ஆயிடுச்சா?"

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது. "இன்னும் ஆகலடி கண்ணு" என்று கன்னத்தைக் கிள்ளி அனுப்புவாள். மறுநாள் ஆசிரியர் அறையில் அதையே ஒரு ஜோக்காகச் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் வேலையை வைத்து மற்றவர்கள் சிரித்தால்தானே தப்பு.

புருஷன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஊரான் பிள்ளைங்ககிட்ட எல்லாம் மணிக்கணக்கா பேசுற. இவகிட்டயும் கொஞ்சம் பேசேன்."

"இவ எங்க போயிடப் போறா? வீட்டுலதானே இருக்கா" என்றாள்.

வீட்டில் இருக்கிற பொருளை யார் தேடுவார்கள், அதுதான் விஷயம்.

வாலு அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு முடிக்கிற வருஷம் வந்தது. எல்லாப் பிள்ளைகளையும்போல அவளும் மேல் அறைத் தேர்வுக்கு வர வேண்டும். ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டது. "பொறுக்கி டீச்சர் தன் பொண்ணைப் பொறுக்காம விடுவாங்களா?" அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நேராகத் தலைமையாசிரியரிடம் போனாள்.

"சார், என் பொண்ணுக்கு வைக்கிறப்ப நீங்க கூட உக்காரணும்."

"எதுக்கு டீச்சர்? உங்களைப் பத்தித் தெரியாதா?"

"நாளைக்கு ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது சார்."

உண்மையைச் சொன்னால், மகள் மேலே வந்துவிட வேண்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. தினமும் கடைசி இரண்டு பீரியட் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று ஆசைப்பட்டாள். வீட்டில் பேச நேரமில்லாத பாவத்தை அங்கே கழுவிவிடலாம் என்றும் கணக்குப் போட்டிருப்பாள். ஆனால் ஆசை எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்கு முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

தேர்வில் எழுத்து ஒரு பங்குதான். முக்கியமானது பேச்சு. மேசையில் ஒரு பழைய பூட்டு இருக்கும், சாவி கிடையாது. பிள்ளையை உட்காரவைத்து, "இதைப் பார்த்தா உனக்கு என்னென்ன தோணுது, சொல்லு" என்பாள். பிள்ளை ஒன்று சொல்லும். "அப்புறம்?" இன்னொன்று சொல்லும். "அப்புறம்?" சரக்குத் தீர்ந்த பிள்ளை, "அவ்ளோதான் டீச்சர்" என்று கையை விரிக்கும். அந்த "அவ்ளோதான்" எவ்வளவு தள்ளி வருகிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

வாலு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் ஜன்னலோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா அம்மாவாக இல்லை. சிரிக்கவில்லை, புருவத்தைத் தூக்கவில்லை, குரலை ஏற்றவில்லை. தன் பிள்ளைக்குக் கண்ஜாடை காட்டினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

"இது என்ன? என்ன தோணுது, சொல்லு."

வாலு பூட்டைத் தொட்டுப் பார்த்தாள், புரட்டிப் பார்த்தாள். கண் பெரிதாயிற்று. "பூட்டு" என்று ஆரம்பித்து மூச்சை உள்ளே இழுத்தாள்.

"அப்புறம்."

வாலு வாயை மூடிக்கொண்டாள். பூட்டை மெதுவாக மேசையில் வைத்தாள். இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அப்புறம்" என்றாள் அம்மா மறுபடியும், இன்னும் தட்டையாக.

வாலு தலையை ஆட்டினாள். சமர்த்தாகக் காத்திருந்தாள்.

அம்மாவுக்கு உள்ளே இடிந்தது. பேசு, பேசுடி என்று மனசுக்குள் கத்தினாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். கடைசியில் அவள் தாளில் எழுதவேண்டியதை எழுதிவிட்டு, "நீ போலாம்" என்றாள். ஊரார் பிள்ளைகளின் வாயைத் திறக்கிற வித்தையைக் கரைத்துக் குடித்தவளுக்குத் தன் பிள்ளை ஏன் வாயை மூடியது என்று ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லை. யோசித்திருக்கலாம். அவளுக்கு வலித்தது, வலிக்கும்போது யார் யோசிக்கிறார்கள்.

அன்று மாலை வாலு மேசையோரம் வந்து நின்றாள்.

"அம்மா, இப்ப அப்புறம் ஆயிடுச்சா?"

வேறு நாளாக இருந்தால் அம்மா சிரித்திருப்பாள். அன்று மகள் முகத்தைப் பார்க்கவே அவளுக்குத் தெம்பில்லை. "போய்ச் சாப்பிடு" என்றாள். அதற்குப் பிறகு வாலு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்கவில்லை என்பதும் அம்மாவுக்குத் தெரியவில்லை.

வாலு கீழேயே இருந்தாள். கெட்டிக்காரர்கள் போன பிறகு கீழே மிஞ்சிய பிள்ளைகளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, பிள்ளைகளே வைத்துக்கொண்டார்கள். மிச்சம். "நாங்கெல்லாம் மிச்சம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு விளையாடுவார்கள். கடைசி இரண்டு பீரியடில் மிச்சங்களுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிற வேலை. மேலேயிருந்து தடதடவென்று நாற்காலி இழுபடுகிற சத்தமும் சிரிப்பும் கேட்கும். நடுவே டீச்சரின் குரல் கேட்கும். என்ன சொல்கிறாள் என்று கேட்காது, ஆனால் ஒரு சொல் மட்டும் கடைசியில் மேலே ஏறுவது கீழே நன்றாகக் கேட்கும்.

"ஏய், உங்கம்மா சிரிக்கிறாங்கடி" என்று பக்கத்துப் பிள்ளை வாலுவின் விலாவில் இடிக்கும்.

ஊரில் டீச்சருக்கு நல்ல பெயர் கிடைத்தது. சொந்தப் பெண்ணையே கழித்துவிட்டாளாம், என்ன நேர்மை, என்ன நெஞ்சுரம் என்று பேசிக்கொண்டார்கள். தலைமையாசிரியர் ஒரு கூட்டத்தில் அதை மேடையிலேயே சொன்னார். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டத்தில் பிள்ளைகள் வரிசையில் வாலுவும் உட்கார்ந்திருந்தாள், அவளும் தட்டினாள்.

படிப்பு வாலுவுக்கு ஏறவில்லை என்று சொல்வார்கள். ஏறவில்லையா, ஏற்றவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. பள்ளி இறுதியோடு நின்றுவிட்டு, ஒரு பார்சல் கொட்டகையில் வந்து குவிகிற பெட்டிகளை ஊர் ஊராகப் பிரித்து அடுக்குகிற வேலைக்குப் போனாள். அதில் அவள் கை மின்னல் என்று மேஸ்திரி சொன்னாராம். அதையும் அவள் வீட்டில் சொல்லவில்லை, அப்பாவுக்கு வேறு யாரோ சொன்னார்கள். வீட்டில் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்து, "சாப்பாடு இருக்கு", "கதவைப் பூட்டிட்டேன்", "நாளைக்கு லேட்டாகும்" என்ற அளவில் நின்றது. அம்மா அவளை அமைதியான பெண் என்று மற்றவர்களிடம் சொன்னாள். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அச்சகத்திலேயே சரிந்து போன பிறகு, அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தும் மின்விசிறிதான் அதிகம் பேசியது.

ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. மேல் அறைக்கு ஏறும்போது, அந்த நடுவில் தேய்ந்த படியில்தான், டீச்சரின் வலது கால் ஏற மறுத்தது. கையிலிருந்த அட்டைகள் படியெல்லாம் சிதறின. வாட்ச்மேன்தான் ஓடிவந்து தூக்கினார். அதற்குப் பிறகு அவர் பிள்ளைகளிடம் மேலே போகிற ஜோக்கைச் சொன்னதில்லை.

உயிர் தங்கியது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர.

"அப்புறம்."

பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்கும் அப்புறம். மனசுக்குள் எல்லாச் சொற்களும் வரிசையாக நிற்கும். வாயைத் திறந்தால் வரிசையைத் தள்ளிக்கொண்டு இதுதான் முன்னால் வந்து விழும். அதுவும் ஏற்ற இறக்கம் இல்லாமல், பலகையில் அடித்ததுபோலத் தட்டையாக. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு சிலேட்டை நீட்டிப் பார்த்தாள். இடது கை கிறுக்கியதில் ஓர் எழுத்தும் எழுத்தாக இல்லை, எழுதுவதும் பேச்சோடு சேர்ந்தே போயிருந்தது.

"இவங்களுக்கு நாம பேசுறது புரியுதா?" என்று வாலு அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"நல்லாப் புரியும். பதில்தான் வராது. அந்த ஒரு வார்த்தைக்கு நீங்க அர்த்தம் தேடாதீங்க. அது விக்கல் மாதிரி, தானா வர்றது."

கட்டிலில் கிடந்தவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு ஆயுசு முழுக்க அர்த்தத்தோடு சொன்ன சொல்லை விக்கல் என்கிறாளே. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். "அப்புறம்" என்று வந்தது.

வாலு கொட்டகையில் கேட்டு அரை நாள் வேலையாக மாற்றிக்கொண்டாள். மத்தியானம் வந்து அம்மாவைத் துடைத்து, துணி மாற்றி, பாலில் ஊறவைத்த ரொட்டியை ஸ்பூனால் ஊட்டுவாள். முகம் சுளித்ததில்லை, குரல் உயர்ந்ததில்லை. ஒரு குறையும் சொல்ல முடியாத அந்தக் கவனிப்புத்தான் அம்மாவை வதைத்தது. பார்சலைக் கசங்காமல் எடுத்து வைக்கிற கைகள் அவை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக டீச்சருக்கு வேறு வேலை எதுவும் இல்லை. மகளைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. பார்க்கப் பார்க்க, இவள் மனசுக்குள் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. சாவதற்குள் இவள் வாயால் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் சுண்டெலி வந்தான். இப்போது தொப்பையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பெரிய கம்பெனியில் அதிகாரி. ஒரு கூடைப் பழத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"டீச்சர், என்னைத் தெரியுதா? படிக்கட்டு ஞாபகம் இருக்கா?"

"அப்புறம்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா! மாறவே இல்லையே டீச்சர் நீங்க!" என்று தொடையில் தட்டிக்கொண்டு ஆரம்பித்தான். வேலையில் சேர்ந்தது, மேலே வந்தது, மேலதிகாரியை மடக்கியது. நடுநடுவே அவள், போதுமப்பா, தலை வலிக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் "அப்புறம்" என்று வந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் உற்சாகமாகி இன்னொரு கதையை எடுத்துவிட்டான். வீடு வாங்கியது, அதை விற்றது, வேறு வாங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கண்ணை மூடிக்கிட்டு எப்படி ரசிச்சுக் கேக்கிறாங்க பாருங்க" என்றான், டீ கொண்டுவந்த வாலுவிடம்.

வாலு கதவோரம் நின்றுவிட்டாள். அம்மாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவன் எழுந்து போகும்போது வாசலில் சொன்னது உள்ளே கேட்டது. "நீங்க குடுத்து வெச்சவங்க. டீச்சர் ஒரு அப்புறம் கேட்டா போதும், நாள் பூரா பேசிக்கிட்டே இருக்கலாம்னு தோணும். வீட்டுலயே இருந்திருக்கீங்க, எவ்வளவு பேசியிருப்பீங்க!"

"ஆமா" என்றாள் வாலு.

கதவைச் சாத்திவிட்டு வந்தவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு வாய் ஊட்டினாள், துணியால் கடைவாயைத் துடைத்தாள். இரண்டாவது வாய்க்கு ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

"அவருக்கு அது கேள்வியாக் கேக்குதும்மா" என்றாள். "எனக்கு அது கேள்வின்னே தெரியாது."

அம்மா அவளைப் பார்த்தாள்.

"கீழ உக்காந்து வாய்ப்பாடு சொல்றப்ப, மேலேருந்து உன் குரல் கேக்கும். நீ அந்தப் பிள்ளைங்களை நிறுத்துறேன்னு நெனச்சேன். நிறுத்தச் சொல்லியும் பேசுதுங்களே, என்ன தைரியம்னு நெனச்சேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது." ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அன்னைக்குப் பூட்டைக் காட்டி அப்புறம்னு சொன்ன. சரி, அம்மா வேலையா இருக்காங்க, சார் வேற இருக்கார், அப்புறமா கேப்பாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். அவ்ளோதான்னு நான் சொல்லவே இல்லையேம்மா."

டீச்சருக்கு அந்த மேசை கண்ணுக்கு முன்னால் வந்தது. நாற்காலி நுனி, மேசைக்கு அடியில் போன கைகள், சமர்த்தாக ஆடிய தலை. அவ்ளோதான் என்ற சொல் வரவில்லை. ஆமாம், வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே காதைத் தீட்டிவைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகளை எடைபோட்டாள். தன் பிள்ளை அதைச் சொல்லவே இல்லை என்பது அவள் காதில் விழவில்லை.

"சொல்றதுக்கு எவ்வளவோ இருந்துச்சு" என்றாள் வாலு. அவள் பார்வை சுவரில் எங்கோ இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் முகம் அந்த முகத்துக்குள் லேசாக எட்டிப் பார்த்தது. "அந்தப் பூட்டு பூட்டியிருந்துச்சும்மா. எதையும் பூட்டல, ஆனா பூட்டியிருந்துச்சு. சாவி தொலையறதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர், கதவும் இல்லாம பெட்டியும் இல்லாம, ஒண்ணுமில்லாததைப் பூட்டி வெச்சிருக்காங்க. அது யாரா இருக்கும்னு யோசிச்சேன். யோசிச்சு ஒண்ணு கண்டுபிடிச்சேன்."

எத்தனை வருஷம், எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்தப் பூட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். துரு என்றார்கள், எடை என்றார்கள், கள்ளச்சாவி என்றார்கள். சுண்டெலிகூட இதைச் சொல்லவில்லை. ஒருத்தரும் சொல்லவில்லை. டீச்சரின் உடம்பில் உயிர் இருந்த பாதி முழுவதும் நடுங்கியது. சொல்லுடி கண்ணு, என்ன கண்டுபிடிச்சே, எல்லாத்தையும் சொல்லு, இனிமேல் எனக்கு வேறு வேலையே இல்லை. இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, குரலைக் கடைசி எழுத்தில் மேலே ஏற்றிவிட வேண்டும் என்று தொண்டை புடைக்க முயன்றாள்.

"அப்புறம்."

தட்டையாக விழுந்தது. கத்தரிக்கோல் ஓடிய நாட்களில் விழுந்த அதே குரல்.

வாலு சட்டென்று நிறுத்திக்கொண்டாள். சுவரிலிருந்து பார்வை திரும்பியது. முகம் பழையபடி ஆயிற்று, பெட்டிகளைப் பிரிக்கிற பெண்ணின் முகம். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவள் வாய் அர்த்தம் தேடி மூடிக்கொள்ளவில்லை, பழக்கத்தில் மூடிக்கொண்டது.

"சரிம்மா" என்றாள். "அப்புறம் சொல்றேன்."

அம்மாவின் இடது கை பாய்ந்து அவள் சட்டையின் ஓரத்தைப் பிடித்தது. ஒரு காலத்தில் வாலு புடவைத் தலைப்பைப் பிடித்த மாதிரிதான், விடமாட்டேன் என்று பிடித்தது.

"என்ன, குளிருதா?" என்று கேட்டபடி வாலு அந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்தாள். கையைப் போர்வைக்கு அடியில் வைத்தாள். செத்துக் கிடந்த வலது கையையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அடுப்படியில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கிண்ணம் கழுவுகிற சத்தம், அதைக் கவிழ்த்து வைக்கிற சத்தம். டீச்சர் இரண்டு கைகளும் போர்வைக்கு அடியில் இருக்க, கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்புறம் ஆகிவிட்டதா என்று கேட்க அவளிடம் வேறு சொல் இல்லை.